தலையில்லாத கிட்டாரும் ஒரு கலியாண வீடும்

பேஸ் கிட்டார் வாசிக்கிற பத்துப் பேரைப் பிடித்து எது நல்ல பேஸ் என்று கேட்டால், ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பழைய மரம், கம்பி முறுக்கும் பெரிய தலை, தேய்ந்துபோன வார்னிஷ். தேய்வு கூடக் கூட மதிப்பும் கூடும். பத்தாவது ஆள் நான். எனக்கு அந்தச் சாமானைக் கண்டால் கொட்டாவிதான் வரும். மற்றவர்கள் மூக்கைச் சுளித்துத் தள்ளிவைத்த பேஸ்களில்தான் எனக்கு ஆசை. என்ன செய்வது, புத்தி அப்படி.

இந்தப் பைத்தியம் தொடங்கியது எண்பதுகளின் நடுப்பகுதியில், லண்டனுக்கு வந்த புதிதில். லூயிஷாமில் ஒரு அறையில் நாலு பேர் இருந்தோம். கீழ்வீட்டு வெள்ளைக்காரர் வீடு மாறும்போது ஒரு பேஸ் கிட்டாரைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுப் போனார். கிழக்கு ஐரோப்பாவில் எங்கோ செய்தது, முழுக்க ஒட்டுப்பலகை. கதவைக் கழற்றித் தோளில் மாட்டியதுபோல் பாரம். அதிலிருந்த சுவிட்சுகளில் எதைத் தட்டினாலும் ஒரு மாற்றமும் வராது. ஆனால் இரவல் அம்ப்ளிஃபயரில் வயரைச் செருகி அடிக் கம்பியைத் தட்டியபோது, தொண்டை கட்டிய எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது பாருங்கள், ஐயோ, சொல்லி வேலையில்லை! அறையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். “உதைக் கொண்டுபோய் எறியடா” என்றார்கள். நான் எறியவில்லை. வாசிக்கப் பழகியதே அதில்தான்.

இரண்டு மூன்று வருடத்தில் வெம்பிளியில் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தேன். பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் யாராவது ஒருவர் கனடாவுக்குப் போனால்தான் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். குழுவில் ஐந்து பேர். கீபோர்ட் வாசித்து எல்லோரையும் மேய்த்தவர் எங்கள் தலைவர், பகலில் கணக்காளர், நாங்கள் அண்ணை என்போம். டிரம்ஸ் அடித்தவன் என் வயதுக்காரன், பெற்றோல் நிலையத்தில் வேலை. தபேலாக்காரர் வாயே திறக்க மாட்டார். பாட்டுக்காரி வங்கியில் வேலை பார்த்த ஒரு தங்கச்சி, வாய் மூடவே மாட்டாள். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று சனிக்கிழமைகளில் லண்டன் முழுக்க வாசித்தோம்.

எங்கள் சனத்துக்குப் பேஸ் என்று ஒரு சாமான் இருப்பதே தெரியாது. என்னிடம் வந்து, “தம்பி, ரெண்டு கம்பி அறுந்துபோச்சோ?” என்று அக்கறையாகக் கேட்பார்கள். பிறந்ததிலிருந்தே நாலு கம்பிதான் என்று விளங்கப்படுத்தி அலுத்துவிட்டேன். பிறகு பிறகு, “ஓம் ஐயா, நாளைக்கு மாத்திறன்” என்று சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் அவளைக் கண்டேன். அவள் என்றா சொன்னேன்? சரி, இருக்கட்டும். ஒரு பழைய சாமான் கடையின் பின்சுவரில், மற்றக் கிட்டார்களெல்லாம் மினுங்கிக்கொண்டிருக்க, ஒரு மூலையில் தூசி படிந்து தொங்கியது. கறுப்பு. மரமே இல்லை, ஏதோ கரியும் பிசினும் சேர்த்து வார்த்தது. உடம்பு பிஸ்கட் பெட்டி அளவு. தலை கிடையாது, கழுத்து போய், வெட்டிவிட்டதுபோல் நின்றுவிடும். சுருதி கூட்டும் ஆணிகள் எல்லாம் கீழே, கைக்குப் பக்கத்தில். ஐந்தாறு வருடத்துக்கு முன்பு இதற்குப் பெரிய மவுசு. பிறகு எல்லோரும் மரத்துக்குத் திரும்பிப் போக, இது கேலிப்பொருளாகிவிட்டது. கடைக்காரப் பெடியனே, “நிச்சயமாகவா?” என்று இரண்டு தரம் கேட்டான்.

மடியில் வைத்தேன். ஒரு குழந்தை மாதிரி நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது. மர பேஸ்களில் ஏதாவது ஒரு இடத்தில் சுரம் செத்துவிடும், அழுத்தி அடித்தாலும் உடனே அடங்கிவிடும். இதில் மேலிருந்து கீழ்வரை எங்கே தொட்டாலும் ஒரே நிதானம், ஒரே தெளிவு. அதோடு சுருதி அசையாது. பனிக்காலத்தில் வான் வண்டிக்குள் விறைத்துப்போய்க் கிடந்த மரக்கிட்டார், சோறும் சாம்பாரும் ஆவி பறக்கிற மண்டபத்துக்குள் வந்ததும் இளகி அழத் தொடங்கும். இது எதற்கும் அசையாமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும். ரயிலில் கொண்டுபோகவும் சுகம்; கிரிக்கெட் மட்டை என்று நினைத்து இடம் விட்டவர்களும் உண்டு. மலிவென்று நான் அதை எடுக்கவில்லை. லண்டனில் என் அறை, என் ஷிப்ட், போட்டிருந்த கோட் எல்லாமே கிடைத்ததால் எடுத்தவை. இது ஒன்றுதான் எனக்குப் பிடித்ததால் எடுத்தது.

குழுவில் யாருக்கும் பிடிக்கவில்லை. டிரம்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். “மச்சான், உலக்கையோடை வந்திருக்கிறாய், அரிசி எங்கை?” என்றான். பாட்டுக்காரி, “அண்ணா, மிச்சத்தை பஸ்ஸிலை விட்டிட்டு வந்திட்டீங்களோ?” என்றாள். நானும் சிரித்தேன். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

“உதைப் பாத்து ஆக்கள் சிரிக்கினம். கஷ்டப்பட்டு ஒரு பேர் எடுத்திருக்கிறம். மாத்து” என்றார்.

“சத்தத்திலை என்ன குறை, அண்ணை?”

“சத்தத்தை ஆர் கேக்கினம்? கண்ணாலை பாக்கிறதுதான் முதல்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாற்ற மாட்டேன் என்றேன். சில மாதம் இப்படியே இழுபட்டது. கடைசியில் ஒரு நாள், வெம்பிளியில் டிரம்ஸ்காரன் வீட்டுக் கராஜில் ஒத்திகை முடிந்ததும், அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வாற மாதக் கலியாணம் பெரிய இடம். உன்ரை சாமானாலை அங்கை ஒரு கரைச்சல் வந்துதெண்டால், அதோடை சரி. பிறகு என்ரை மச்சான்தான் பேஸ் வாசிப்பான். அவனிட்டை ஒழுங்கான கிட்டார் கிடக்கு.”

அந்த மச்சானின் பேஸை நான் வாசித்தும் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. நல்ல சாமான். பெண் பார்க்கப் போய், மரியாதையாகப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு எழும்பி வந்ததுபோல் இருந்தது. ஆனால் குழுவை விடவும் மனம் வரவில்லை. கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவனுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. அது போனால் எனக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? பயமாகத்தான் இருந்தது. இருந்தும் கலியாணத்தன்று கறுப்புப் பையைத்தான் தோளில் போட்டேன்.

வெம்பிளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். தாலி கட்டு காலையில் முடிந்து, மாலை வரவேற்புக்குத்தான் நாங்கள். மேடை நடுவில் மணவறை, இடது பக்கத்தில் எங்கள் குழு. நான் பையைத் திறந்து பேஸை எடுத்தேனோ இல்லையோ, பெண்ணின் தகப்பனார் மேடையேறி வந்தார். பட்டுவேட்டி, சால்வை, மூன்று நாளாக நித்திரை இல்லாத முகம்.

“உதென்ன தம்பி, தலையைக் காணேல்லை?”

“இது இப்படித்தான், ஐயா. தலையில்லாத கிட்டார்.”

மனுசனின் முகம் மாறிவிட்டது. “நல்ல காரியம் நடக்கிற இடத்துக்கு முண்டத்தைக் கொண்டு வந்திருக்கிறியளோ? என்ரை பிள்ளையின்ரை கண் முன்னாலை தலையில்லாத சாமானோ?”

மூட நம்பிக்கை என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, “ஊரிலை சண்டைக்குள்ளை கண்டது போதாதோ, தம்பி?” என்றார். நான் பேஸை மெல்ல முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று விளங்கியது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “ஐயா, ஆளைத் திரைக்குப் பின்னாலை விடுறன், ஒருத்தரின்ரை கண்ணிலையும் படாது” என்றார். தகப்பனார் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துக் கதிரைகள் அடுக்கியிருந்தன. பூப்பந்து வலை ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்கு நடுவில் நின்று நான் வாசித்தேன். அவமானம் என்றால் அவமானம்! திரைக்கு அந்தப் பக்கம் சனம் கைதட்ட, இந்தப் பக்கம் கதிரைக்காலில் என் முழங்கால் இடித்துக்கொண்டிருந்தது. இதுதான் கடைசிச் சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டேன். கடைசி என்றால் ஒழுங்காக வாசித்துவிட்டுப் போவோம் என்று ஒவ்வொரு சுரத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் தடுமாறியது. மூன்றாவதில் நின்றேவிட்டது. அவன் இத்தனை வருடமும் என் இடது கையைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் திரை விலக, பெரிய டிரம் ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்தது. அதன் பின்னால் அவன்.

“என்னடா செய்யிறாய்?” என்றேன்.

“உன்ரை கையைக் காணாமல் எனக்கு அடிக்க ஏலாது. கதிரையைத் தள்ளு.”

மிச்ச டிரம்ஸும் ஒவ்வொன்றாக வந்தது. அடுத்த பாட்டு முடிய, வாய் திறக்காத தபேலாக்காரர் தபேலா இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பூப்பந்து வலையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஏன் என்றும் சொல்லவில்லை. வெளியே கீபோர்டும் பாட்டுக்காரியும் மட்டும். சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. பாட்டுக்காரி ஒலிவாங்கியில், “மற்ற ஆக்கள் எல்லாம் உள்ளுக்கைதான், நேரம் வந்தால் நானும் போறன்” என்று அறிவித்தாள். அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

தகப்பனார் மறுபடி மேடையேறும் சத்தம் கேட்டது. நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

“எங்கை உங்கடை ஆக்கள்?” என்று அவர் அண்ணையைக் கேட்டார்.

அண்ணைதான் கரைச்சல் வரக்கூடாது என்றவர். வந்துவிட்டது. ஒரு சொல் போதும், என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை வெளியே கூப்பிடலாம். அண்ணையின் மச்சானும் அன்றைக்கு மண்டபத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் காதைத் திரையோடு வைத்தோம்.

“ஐயா, அவை தங்கடை பேஸ்காரனோடை நிக்கினம்” என்றார் அண்ணை. “குறை நினைக்காதையுங்கோ. நானும் அங்கைதான் போகோணும்.”

வயரைக் கழற்றும் சத்தம். பிறகு கீபோர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணை திரைக்குள் நுழைந்தார். வியர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “தள்ளி நில்லடா, கால் வைக்க இடமில்லை” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் என்ன, அரையிருட்டுத்தானே. அண்ணை சுரம் கொடுத்தார், டிரம்ஸ்காரன் என் கையைப் பார்த்தான், நான் முதல் அடியை வைத்தேன். வெளியே பாட்டுக்காரி தனியாக நின்று பாடத் தொடங்கினாள். அன்றைக்கு வாசித்ததுபோல் நாங்கள் அதற்கு முன்பு வாசித்ததில்லை.

பாட்டின் பாதியில் திரை அசைந்தது. தகப்பனார்தான். ஒரு கையால் திரையைப் பிடித்து இழுத்தார். அது சிக்கிக்கொண்டது. சால்வையைத் தோளில் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். மண்டபத்து வெளிச்சம் முழுக்க எங்கள்மேல் விழுந்தது. மணவறையில் இருந்த பெண் எங்களைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; சிரித்தபடியே மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக் காட்டினாள். தகப்பனார் அவளைப் பார்த்தார், பிறகு என் தோளில் தொங்கியதைப் பார்த்தார். அந்தத் திரையைக் கட்டிவைக்கக் கொக்கி இல்லை. விட்டால் மூடிவிடும். அவர் பட்டுவேட்டியோடு அங்கேயே நின்று, பாட்டு முடியும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.