ராக்குவின் கம்பு

போன வாரம் போடி பஸ் ஸ்டாண்டு பக்கம், ஏலக்காய் மாலை தொங்கும் கடைக்கு அடுத்து, சாவிக்கொத்தும் பொம்மையும் விற்கும் ஒரு சின்னக் கடையில் நின்றேன். மங்கா என்று ஜப்பான் சித்திரக்கதைகள் வருமே, அதில் சண்டை போடும் பெண் ஒருத்தியின் பொம்மை அங்கே இருந்தது. பெரிய கண், சின்னப் பாவாடை. அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, "அடியே, அட்டை கடிக்குமே!" என்பதுதான். கூடவே டீசலும் பச்சை ஏலக்காயும் கலந்த பழைய வாசனை ஒன்று மூக்கில் ஏறிவிட்டது. என்ன செய்ய, நான் மங்கா படித்த லட்சணம் அப்படி.

படிப்பு முடிந்ததும் மலைமேல் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை கிடைத்தது. காய் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஒரே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறுவேன். முதலில் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் பெரிய உத்தியோகஸ்தி மாதிரி போனுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். வாராவாரம் வரும் ஒரு மங்காத் தொடரில் அப்போது பைத்தியமாக இருந்தேன்.

ஒருநாள் பக்கத்தில் இருந்த காளீஸ்வரி அக்கா போனில் இருந்த பெண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, இவளுக்கு முழுத்துணி எடுத்துக் குடுக்க வீட்டுல ஆளில்லையா? இப்பிடிக் காட்டுக்குள்ள போனா அட்டை சும்மா விடுமா?"

ஜீப்பே சிரித்தது. வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையும், அட்டைக்குப் போட மடியில் உப்புப் பொட்டலமுமாகப் போகிறவர்கள் அவர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாவாடையப் பாக்காதீங்கக்கா, கையில இருக்க கம்பப் பாருங்க" என்று கதையை ஆரம்பித்தேன்.

பிறகு அதுவே வழக்கமானது. மலையடிவாரத்தில் தொடங்கினால், மேலே ஜீப் நிற்கும் மெட்டு டீக்கடைக்குள் அன்றைய கதை முடிய வேண்டும். கொண்டை ஊசி வளைவு வரும்போது அடியை ஓங்கிய நிலையிலேயே நிறுத்திவிடுவேன். அந்தப் பெண்ணின் ஜப்பான் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ராக்கு என்று ஆக்கிவிட்டார்கள். கம்பை எடுத்தால் ராக்குவை எதிர்க்க ஆளில்லை. கதாநாயகனே அவளிடம் அடி வாங்கித்தான் அறிமுகமானான்.

ஆனால் அவன் வளர வளர ராக்கு ஓரத்துக்குப் போனாள். குண்டு விழுந்தால் அவனுக்குச் சட்டை கருகும். அவளுக்கோ வரைகிறவருக்கு வேண்டிய இடத்தில் மட்டும் கிழியும். அடிபட்டு விழுவாள், அவன் பெயரைச் சொல்லி அலறுவாள், அவனுக்குக் கட்டுப் போடுவாள்.

"அது சரி, கம்பு எங்க போச்சு?" என்றார் காளீஸ்வரி அக்கா.

அன்று ஸ்டோரில் சும்மா இருந்த நேரத்தில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். கம்பு உடையவில்லை, யாரும் பிடுங்கவில்லை. வரைகிறவர் அதை வரைவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். விடாமல் படித்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

மறுநாள் ஜீப்பில் அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "எனக்கும் இப்பிடித்தான் புள்ள. சிலம்பம் நல்லாச் சுத்துவேன். வயசுக்கு வந்ததும் எங்கப்பா கம்ப எடுத்துப் பரண்ல போட்டுட்டாரு. ஒரு வார்த்த சொல்லல."

 மற்றவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராக்கு எழுந்திரிக்காமல் நாளைக்கு நான் ஜீப்பில் ஏறக் கூடாதாம்.

"வரையிறவரு ஜப்பான்ல இருக்காருக்கா!"

"இருந்துட்டுப் போறாரு. சொல்றது நீதான?"

அடுத்த நாள் ராக்குவை எழுப்பினேன். மெட்டு டீக்கடையில், "கம்பச் சுத்தி அடிச்சா" என்று முடித்தேன். எப்படிச் சுத்தினாள் என்று கேட்டார்கள். எனக்கு விளக்குமாறு பிடிப்பதே தகராறு. 

"தள்ளு புள்ள" என்று காளீஸ்வரி அக்கா எழுந்தார். கடைப் படுதாவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலை உருவினார். படுதாவில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் மொத்தமும் டிரைவர் முருகண்ணன் தலையில் கொட்டியது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு சுற்றினார் பாருங்கள்! கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றில் அதன் இரைச்சல் மட்டும் கேட்டது. கிளாசும் கையுமாக நின்ற ஆண்கள் பின்னால் நகர்ந்தார்கள். நான் கைதட்டிக் கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கதையையும் படித்ததில்லை.

"ஆத்தா, வெரசா ஏறுங்க, சோலி கெடக்கு!" என்று கத்தினார் முருகண்ணன். தலையைத் துவட்டிக்கொண்டே வண்டியை எடுத்தவர், கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டார்: "பெறகு ராக்கு என்ன செஞ்சா?"

அன்றிலிருந்து ஜீப்பின் ராக்கு வேறு, ஜப்பானின் ராக்கு வேறு. எங்களுடையவள் முழுக்கைச் சட்டை போட்டாள், மடியில் உப்பு வைத்துக்கொண்டாள். அடிகளை எல்லாம் அக்கா முடிவு செய்தார். கதாநாயகனைச் சோறாக்க வைத்தோம்.

நான் வேறு வேலைக்குப் போன பிறகுதான் அந்தத் தொடர் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ராக்கு இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்று, சண்டைக்குப் போகும் அவனுக்குக் கையசைக்கிறாள். எங்கள் ராக்கு ஜெயித்த கதை எந்தத் தாளிலும் இல்லை. அது அந்த ஜீப்புக்குள் மட்டும்தான் இருந்தது. அந்த ஜீப்பும் இப்போது இல்லை, அதில் வந்தவர்களும் ஆளுக்கொரு திசையில்.

போடிக் கடையில் அந்தப் பொம்மையை எடுத்துப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே ஓட்டை இருந்தது, ஆயுதம் இல்லை. "அது எங்கயோ விழுந்துருச்சுக்கா, வேற எடுங்க" என்றார் கடைக்காரர். அதையேதான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துக் கையில் செருகினேன். கச்சிதமாக நின்றது. உடனே போனில் காளீஸ்வரி அக்காவின் பழைய எண்ணைத் தேடி அழைத்தேன். யாரோ ஒருவர் எடுத்து, தப்பான நம்பர் என்றார். கம்பு கிடைத்துவிட்டது என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?