செல்லாத லைசென்ஸ்

அமெரிக்காவில் படித்தபோதே விமானம் ஓட்டக் கற்று, சொந்தமாக ஓட்டிக்கொள்வதற்கான லைசென்ஸோடு ராஜபாளையம் திரும்பினேன். அது இங்கே செல்லாதாம். இந்திய விதிமுறைப் பரீட்சை எழுதி, மறுபடி ஓட்டிக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண வீட்டில் பெரியப்பா எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஏட்டி, அதை வச்சு வேலைக்கும் போக முடியாதாம்ல. பொறவு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"எனக்கு ஓட்டப் பிடிச்சிருக்கு பெரியப்பா. வேற காரணம் வேணுமா?" என்றேன்.

முதல் பரீட்சையில் தோற்றேன். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள். மறுபடி எழுதித் தேறினேன். சோதிக்க வந்த அதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி, பிசகாமல் இறக்கினேன். இந்திய லைசென்ஸ் கைக்கு வந்தது.

இப்போது ஆபீஸ் வேலை, ஆஸ்திரேலியாவில். விமானம் ஓட்ட இங்கேயும் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். எழுதத்தான் போகிறேன்.