குறையாத தண்ணீர்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. மீட்டர் வேகமாக ஓடினால் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப்படுவார். ஓடாமல் நின்றால் நான் அவரைச் சந்தேகப்படுவேன். மாடியில் இரண்டு ஏசி இருக்கும், கீழே மீட்டர் அசையாமல் கிடக்கும். "ஊருக்குப் போயிருந்தோம் சார்" என்பார்கள். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். நேரே குனிந்து மீட்டர் சீல் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இந்தப் புத்தி ஆபீசோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள். உண்மையில் அது வேலைக்கு முன்பே இருந்தது. ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊருக்கு அவளைப் பெண் பார்க்கப் போனோம். அவளுடைய அப்பாவின் இரண்டு பாதமும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையோ, வேறு ஏதாவதோ, மறைக்கிறார்களோ? பிறகுதான் சொன்னார்கள், மனிதர் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் என்று. அதையும் வெளியே இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் நம்பினேன்.

போன வருஷம் எனக்கு பி.பி. ஏறியது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது எதிரே பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று. கடல் மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன், பாறையை விட்டு நகராமல் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தன. முக்கால் மணி நேரம் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரமும் நான் யாரையும் சந்தேகப்படவில்லை. டாக்டரும், "வீட்டுல ஒரு மீன் தொட்டி வைங்க, மனசு அடங்கும்" என்றார். இவருக்கும் மீன் கடைக்காரனுக்கும் ஏதாவது ஏற்பாடு இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் ஆசை ஜெயித்துவிட்டது.

தொட்டியை எங்கே வைப்பது? ஹாலில் வெயில் படாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அங்கே மனைவியின் தையல் மிஷின் இருந்தது. "இத அங்குட்டு மாத்திக்கிறியா?" என்று கேட்டேன். "சரிங்க" என்று அவளே இழுத்துக்கொண்டுபோய், மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து காலியாகக் கிடக்கும் அறையில் போட்டுக்கொண்டாள். ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. அதுதான் எனக்கு இடித்தது. இருபது வருஷம் உட்கார்ந்த இடத்தை ஒருத்தி சும்மா விட்டுக்கொடுப்பாளா?

மதுரைக் கடைக்காரர் தொட்டி, மணல், செயற்கைப் பாறை, உப்புப் பை எல்லாம் கொடுத்துவிட்டு, "ஒரு மாசம் உப்புத் தண்ணி மட்டும் ஓடிப் பக்குவப்படட்டும் சார். அதுவரைக்கும் மீன் போடாதீங்க" என்றார். எந்தக் கடைக்காரன் சரக்கை விற்காதே என்று தானே சொல்வான்? மீன் கைவசம் இல்லை, அதை மறைக்கக் கதை விடுகிறான் என்று முடிவு கட்டினேன். கூடவே ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். விளம்பரம் என்று நினைத்து மடித்து அலமாரியில் சொருகினேன். அடுத்த வாரமே வேறொரு கடையில் நீலக் கலர் மீன் ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன்.

ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, நம்ம காரைக்குடித் தண்ணி ருசிக்கு ஊரே ஏங்குது. நீங்க அதப் பிடிச்சு உப்பக் கொட்டிக் கெடுக்குறீகளே!" என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அதையும் மனசில் குறித்துவைத்தேன்.

நாலாம் நாள் நீல மீன் செத்துப்போனது. மணலில் பக்கவாட்டில் கிடந்தது. அன்று காலை வீடு துடைத்த வாசம் ஹாலில் இன்னும் போகவில்லை.

"ஃபினாயில் போட்டியா?"

"போட்டேன். வெள்ளிக்கிழம போடுறதுதான?"

"தொட்டிப் பக்கம் தெளிச்சியா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தரையத் தொடைச்சேன். தொட்டிக்குள்ள எதுக்குத் தெளிக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அப்போது அவள் கையில் ஒரு சொம்பு இருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு மாசம் பொறுத்து, முதல் கடைக்காரரிடமே திரும்பப் போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே ஆரஞ்சு மீனில் ஒரு ஜோடி வாங்கினேன். கூடவே எட்டணாக் காசு அளவில், காளான்போல விரியும் உயிருள்ள பவளம் ஒன்று. அதற்கு மட்டும் அரைமணி நேரம் அவரைக் குடைந்தேன். எங்கே எடுத்தது, யார் எடுத்தது, தடை செய்த சரக்கு என்று நாளைக்கு வனத்துறை வந்து என் கதவைத் தட்டுமா? அவர் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான காகிதத்தைக் காட்டினார். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இதுகளும் செத்துச்சுன்னா தொட்டிய ஒடச்சுப் போட்டுருவேன்" என்று வீட்டில் சொன்னேன். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.

காரைக்குடி வெயிலில் தொட்டித் தண்ணீர் சுடாமல் இருக்க மேலே இரண்டு சின்ன ஃபேன் மாட்டியிருந்தேன். "ஃபேன் போட்டா தண்ணி குறைஞ்சுகிட்டே இருக்கும் சார், பாத்து ஊத்துங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? ஒரு பெரிய வாளியில் உப்பைக் கரைத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை.

ஏசி ஓடுகிற வீட்டில் மீட்டர் ஓடவில்லை. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். காலையில் கோட்டில் நின்ற தண்ணீர் சாயங்காலமும் கோட்டிலேயே நின்றது. மீன் துள்ளி விழாமல் தொட்டி மேலே போட்டிருந்த வலை மூடியின் நாலு ஓரத்திலும் டேப் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் டேப் அப்படியே இருக்கிறது, கையெழுத்து அப்படியே இருக்கிறது, தண்ணீரும் கோட்டில் அப்படியே நிற்கிறது. வலை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பது இருபத்தாறு வருஷம் சீல் பார்த்த மண்டைக்கு ஏறவில்லை. யாரோ எதையோ ஊற்றுகிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். பகல் முழுக்க வீட்டில் இருப்பது ஒரே ஆள். ஊற்றுவது என்ன என்பதுதான் தெரியவில்லை.

மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. பவளமும் வட்டமாக விரிந்து நின்றது. சந்தேகம் வந்தவனுக்கு அது கண்ணில் படுமா? மெதுவாகக் கொல்கிறாள் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கேமரா ஒன்று வாங்கி அலமாரி மேலே வைத்தேன். "ஆபீஸ்லருந்தே மீனப் பாத்துக்கலாம்" என்று அவளிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் மானகிரியில் ஒரு வீட்டு மீட்டர் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். போன் துடித்தது; கேமரா முன்னால் ஆள் வந்தால் அப்படித் துடிக்கும். திறந்தால் என் வீட்டு ஹால். அவள் அடுப்பங்கரையிலிருந்து சொம்போடு வருகிறாள். கோட்டைக் குனிந்து பார்க்கிறாள். சொம்பைத் தூக்கி, வலை மூடி மேலே, மீனுக்கு வலிக்குமோ என்பதுபோல நூல் நூலாக ஊற்றுகிறாள்.

அந்தக் கேமராவில் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும். பட்டனை அமுக்கினேன்.

"ஏய்! என்னடி ஊத்துற?"

அவளைத் தவிர ஆளில்லாத வீட்டில் என் குரல் மட்டும் போய் விழுந்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. சொம்பு கீழே விழுந்து உருண்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் அலமாரி மேலே பார்த்தாள். கேமராவுக்குள் நேராக, அதாவது என் கண்ணுக்குள் நேராகப் பார்த்தாள். பிறகு குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தப் பக்கம் மானகிரி வீட்டம்மா கதவைத் திறந்து, "யாரச் சார் இந்த ஏச்சு ஏசுறீக?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ரீடிங்கைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தரை உலர்ந்திருந்தது. சொம்பு கழுவிக் கவிழ்த்திருந்தது. காபி கொடுத்தாள். சண்டைக்கு வருவாள், பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிபட்ட வீட்டுக்காரர்களும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தண்ணீர் குறைய ஆரம்பித்தது. எனக்கு என்ன சந்தோஷம்! பார், இப்போதுதான் மீட்டர் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை வாளியிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு கோடு வரைக்கும் ஊற்றினேன்.

உப்பு அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருந்தேன். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அளவு தெரியும். முப்பத்தைந்தில் நிற்க வேண்டும், அதுவரை நின்றுகொண்டும் இருந்தது. முதல் வாரக் கடைசியில் முப்பத்தெட்டு காட்டியது. கருவி பழுது என்றேன். பிறகு நாற்பது. உப்புப் பையில் கலப்படம் என்றேன். நாற்பத்தொன்று ஆனபோது பவளம் சுருங்கிக் கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மீனும் பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, செவுள் படபடவென்று அடிக்க மூச்சு வாங்கின.

கடைக்காரருக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், குறையுற தண்ணிக்கு எதை ஊத்துறீங்க?" என்றார்.

"உப்புத் தண்ணிதான். வேற என்ன?"

"ஐயையோ! தண்ணிதான் சார் ஆவியாப் போகும். உப்பு எங்க போகும்? அது உள்ளதான் கிடக்கும். நீங்க மேல மேல உப்பச் சேத்துக்கிட்டே இருக்கீங்க. குறையுறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். குடுத்த தாள்ல முதல் வரியே அதான். ஆமா, இத்தனை நாள் எப்படிச் சரியா இருந்துச்சு?"

போனை வைத்துவிட்டு அலமாரியில் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். முதல் வரி அதுதான்.

அடுப்பங்கரை வாசலில் போய் நின்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெனமும் நல்ல தண்ணியா ஊத்துன?"

"குடிக்கிற தண்ணிதான். ஃபில்டர்ல பிடிச்சது." தலையைத் தூக்கவில்லை.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"உப்பளத்துக்காரர் மகளுக்கு இது தெரியாதா? வெயிலு தண்ணியத்தான் எடுக்கும், உப்ப எடுக்காது. உப்புப் பாத்தில அது நல்லது, எங்கப்பா உப்பு வாரணும். இங்க மீனுல்ல கெடக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் சொம்போட வந்தேன், அந்த நீல மீனு செத்த அன்னைக்கு. ஃபினாயில் தெளிச்சியான்னு கேட்டீக. அப்பறம் எங்குட்டுச் சொல்றது? நீங்க போனப்பறம் ஊத்துனேன். அதுக பாவம், சாகக் கூடாதுன்னு."

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள். "கோடு போட்டீக. டேப் ஒட்டுனீக. கேமரா வச்சீக. என்ன ஊத்துறன்னு ஒரு நாளு வாயத் தொறந்து கேட்டீகளா?"

"கேட்டேனே, அன்னைக்கு…"

"அது கேக்குறதா? திருடியப் பாத்துப் போடுற சத்தம் அது. எனக்கு இன்னும் நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு." இப்போது நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "இருவத்தேழு வருசமா நீங்க குடிக்கிற தண்ணிய நாந்தான மோந்து குடுக்குறேன்?"

தப்புதான் என்று மட்டும் சொன்னேன். அது கீரைக்கட்டு மேலே விழுந்து அங்கேயே கிடந்தது.

அவசரப்படக் கூடாது என்று கடைக்காரர் சொன்னபடி, உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் ஊற்றி, பத்து நாளில் பழைய அளவுக்குக் கொண்டு வந்தேன். மீன் இரண்டும் பிழைத்துக்கொண்டன. பவளம் ஒரு ஓரத்தில் மட்டும் விரிய ஆரம்பித்திருக்கிறது.

அவளிடம் தப்பு என்று சொன்ன அன்றைக்கே கேமராவைக் கழற்றினேன். மறுநாள் பார்த்தால் அது திரும்ப அலமாரி மேலே இருந்தது. ஒயரைச் சொருகி, தொட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். "இனிமே எதுக்கு இது? நான் பாக்க மாட்டேன்" என்றேன். "இருக்கட்டுங்க. பாருங்க" என்றாள். இரண்டு தடவை கழற்றினேன், இரண்டு தடவையும் மாட்டிவிட்டாள். டேப்பை மட்டும் நான் உரித்தேன். அதை அவள் திரும்ப ஒட்டவில்லை.

இப்போதும் பதினொரு மணிக்குப் போன் துடிக்கிறது. எந்தத் தெருவில், யார் வீட்டு மீட்டர் முன்னால் நின்றாலும் கை தானாகப் போய்த் திறந்துவிடுகிறது. அவள் சொம்போடு வருகிறாள். தொட்டிக்கு முன்னால் நின்று, கேமராவைப் பார்த்துச் சொம்பை உயர்த்திக் காட்டுகிறாள். அண்ணாந்து முதலில் ஒரு மடக்கு அவள் குடிக்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போகிறாள்.