அந்திச் சிவப்புக்கு நான் சொன்ன காரணம்

விஞ்ஞான ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில், பாடசாலை மேற்பார்வை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன்: பதினொரு மணிக்குப் போய், மதியச் சாப்பாடு வரும்வரை பிழை தேடுவது.

கரடியனாற்றுப் பக்கம் ஒரு பாடசாலை. புதிய விஞ்ஞான ஆசிரியை களுவாஞ்சிக்குடிக்காரி. என் அறிக்கை நல்லதாக இருந்தால்தான் நியமனம் நிரந்தரமாகும். அதன் பிறகுதான் ஊருக்கு இடமாற்றம் கேட்கலாம். ஊரில் அவருடைய இரண்டு வயதுப் பிள்ளை.

பத்தாம் வகுப்பு. ஜன்னல்களில் நெல்லுச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார். கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் ஒரு சிட்டிகை பால்மாவைக் கரைத்து, பின்னாலிருந்து ரோச் லைட் அடித்தார். பக்கவாட்டில் நின்றவர்களுக்குத் தண்ணீர் இளநீலம். நேரே நின்றவர்களுக்கு வெளிச்சம் செம்மஞ்சள்.

"இதுதான் சிதறல். நீலம்தான் ஆகக்கூடச் சிதறும். அந்தியில வெளிச்சம் கனதூரம் காத்துக்குள்ளால வாறதால நீலம் வழியிலயே சிதறிப் போயிரும். சிவப்பு மிஞ்சும்."

நான் பட்டதாரி அல்லவா? பின் வரிசை வாங்கிலிலிருந்து எழும்பினேன். "பிழை மிஸ். அது நிறப்பிரிக்கை. வளிமண்டலம் கண்ணாடி அரியம் மாதிரி நிறத்தைப் பிரிக்குது. பால்மா தேத்தண்ணிக்கு, படிப்பிக்க இல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அரியத்தில ஏழு நிறமும் வரிசையா வரும் சேர். அப்ப அந்தி வானத்தில பச்சை எங்க?"

இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சொன்னதுதான் சரி என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அறிக்கைப் படிவத்தை எடுத்தேன்.

"பேசாம இருங்க மிஸ். சேர் பேனையத் திறந்திட்டார்," என்றார் என்னோடு வந்திருந்த பாடசாலை அதிபர்.

"பாட அறிவு போதாது" என்று எழுதிவிட்டுப் போய்க் கோழிக்கறி சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கினேன்.

நிரந்தரமாக்கல் இரண்டு வருடம் பிந்தியது. அதுவரை அவர் விடியுமுன் பஸ் ஏறினார், பிள்ளை தூங்கிய பிறகு வீடு சேர்ந்தார்.

போன மாதம் அவர் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பிந்தினாலும் எனக்கு இடமாற்றம் கிடைச்சிற்று சேர். அந்தப் பிள்ளைகள்தான் பாவம். தவணைச் சோதினையில அரைவாசிப் பேர் நிறப்பிரிக்கை எண்டு எழுதிப்போட்டு, 'பெரிய சேர் சொன்னாரே மிஸ்' எண்டு வந்து நிண்டதுகள். நான்தான் பிழை போட்டன்."

அவர்களை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஒருவருடைய பெயரும் தெரியாது.

இப்போது ஆலோசகராக இருப்பவர்களே, வகுப்பில் பிழை விட்டால் மணி அடிக்குமுன் எழும்பி நின்று, "நான் சொன்னது பிழை" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவது?