நான்கு பந்தும் தாண்டணும்

"ஆட்டத்துல என்னம்மா கூட்டுப் பாடம்? பந்து குடுத்தா பசங்க ஆடிக்கினு இருக்கும். பேசாம அந்த பீரியடை கணக்குக்குக் குடுத்துடு."

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்கும் கூட்டுப் பாடத்தை ஆட்டத்திலும் நடத்தலாம் என்று நான் கேட்டபோது, போன மாதம் எங்கள் ஹெட்மாஸ்டர் சொன்னது இது. பாகாலா பக்கம் ஒரு பள்ளியில் நான் பி.டி. டீச்சர்.

"ஒரு மாசம் டைம் குடுங்க சார். அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். வீம்புதான்!

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் பாடம் சொல்லித்தர யார் இருந்தார்கள்? பக்கத்து பெஞ்சுப் பெண்தான் எனக்கு டியூஷன். கூடப் படிப்பவரிடம் கற்க முடியும் என்பதை நான் புத்தகம் படித்து நம்பவில்லை...

ஏழாம் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்தேன். வாலிபால் சர்வீஸ். ஒரே விதி — நான்கு பேரின் பந்தும் வலையைத் தாண்டினால்தான் டீமுக்கு பாயின்ட்.

முதல் நாளே தகராறு.

"மேடம், தேவி எங்க டீம்ல வேணாம். அவ செருப்புக்குக் காவல் இருக்கறவ!" என்றான் நவீன். வகுப்பிலேயே சூரன். தேவியோ, கேம்ஸ் பீரியட் முழுக்க எல்லாருடைய செருப்புக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவள்.

"அப்ப நீயே அவளுக்குச் சொல்லிக்குடு" என்றேன்.

"எப்படிடா போடறே?" தேவி கேட்டாள்.

"எப்படின்னா... அப்டியே போடறதுதான்!"

பாவம், அவனுக்கே தெரியவில்லை.

"இல்லடா. அடிக்கறதுக்கு முன்னாடி இடது காலை முன்னால வெக்கிறே. பந்தை ரொம்ப மேல தூக்கமாட்டே. தெனம் பாத்துக்கினுதானே கீறேன்!"

நவீன் குனிந்து தன் காலையே பார்த்தான். அன்றிலிருந்து பிழை கண்டுபிடிப்பது அவள், செய்து காட்டுவது அவன். மற்ற இருவரும் சீக்கிரம் தேறினார்கள். தேவியின் கைதான் மக்கர் செய்தது.

ஒரு மாசக் கெடு முடிந்து, போன வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் கிரவுண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்ற டீம்கள் முடித்துவிட்டன. இந்த டீமில் மூன்று பந்து தாண்டின. தேவியின் முதல் பந்து வலையில். ஆளுக்கு இரண்டு சான்ஸ்தான்; இன்னும் ஒன்றே பாக்கி.

"காலு! காலு தேவி!" நவீன் கத்தினான்.

பந்து வலையின் விளிம்பில் பட்டு, கொஞ்சம் யோசித்து... அந்தப் பக்கம் விழுந்தது.

ஹெட்மாஸ்டரே எழுந்து கைதட்டினார். "பீரியட் உன்னுதேம்மா!"

செருப்புக்கு அன்று காவல் இல்லை. என் செருப்பில் ஒன்றை நாய் தூக்கிப்போனது தனிக் கதை.

சரி, என் பீரியடைக் கேட்ட கணக்கை மட்டும் சும்மா விடுவேனா? வாரம் ஒரு கணக்கு பீரியடை கிரவுண்டுக்குத் தரச் சொல்லி, திங்கட்கிழமையே லெட்டர் கொடுத்துவிட்டேன்!