மழைக்கு ஆகாத பூ

செராஸ் அடுக்ககத்தில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, நகத்தில் எப்போதும் மண். பால்கனி கிரில்லுக்குப் பின்னால், தொட்டிகளில் ஆஸ்திரேலியக் காட்டுப்பூக்களை வளர்த்தார். ஒன்றின் பெயர் கங்காருப் பாதம். பூ, ரோமம் முளைத்த சிவப்பு விரல்களைப் போலிருக்கும். ஈரம் தங்கினால் வேர் அழுகிவிடுமாம். அதனால் வானம் கறுத்தாலே தொட்டிகளை உள்ளே இழுத்து, நோயில் கிடந்த அப்பாவின் கட்டிலைச் சுற்றி வைத்துவிடுவார்.

“செம்பருத்தி வெச்சா தானா வளருமே, அண்ணே. ஏன் இந்தப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல வேலை கெடச்சுச்சு லா. டிக்கெட்கூட போட்டாச்சு. அப்பதான் அப்பா விழுந்துட்டாரு. பாத்துக்க வேற ஆளு இல்ல,” என்றார். “இது அந்தப் பக்கத்துப் பூ.”

சில மாதம் கழித்து அவருடைய அப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, “இனிமே நீங்க கெளம்பலாமே, அண்ணே,” என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். “நான் போயிட்டா, மழை வந்தா இதையெல்லாம் யாரு உள்ள எடுத்து வைப்பா?”

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அப்பாவின் காலிக் கட்டிலருகே வைத்தார். அன்று நல்ல வெயில். ஏன் எடுத்துப் போனார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.