சிரிச்சுச் சிரிச்சுக் கடத்துன ரெண்டு வருஷம்

என் ஆபரேஷன் காயிதம் எல்லாத்தையும் போகி அன்னைக்கு நானே தீயில போட்டேன். இதை முதல்லயே சொல்லிடுறேன். வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னா இன்னும் அசிங்கமா இருக்கும்.

சும்மாவும் போடல. தெருவுல நின்னவங்களுக்குக் கேக்குற மாதிரி, "பழைய பாய் போச்சு, பழைய நோயும் போச்சு"ன்னு ஒரு சொற்பொழிவு வேற. என் வூட்டுக்காரி செல்வி, "ஏங்க, ஆஸ்பத்திரி காயிதம்ங்க, இருக்கட்டுமே"ன்னா. "நோயை பீரோவுல வச்சுப் பூட்டுவியா?"ன்னுட்டு டிஸ்சார்ஜ் கார்டு, பில்லு, மருந்துச் சீட்டு எல்லாத்தையும் உள்ள தள்ளுனேன். நல்லா எரிஞ்சுச்சு.

வேப்பந்தட்டையில எனக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டாவும் தேக்சாவும் தூக்கித் தூக்கி, அடிவயித்துல தொடை சேர்ற எடத்துல ஒரு வீக்கம் வந்துச்சு. நின்னா வரும், படுத்தா போயிடும். பெரம்பலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஹெர்னியான்னாங்க (வயித்துச் சுவரு தளந்த எடத்துல குடல் பிதுங்கிக்கிட்டு வர்றது). ஆபரேஷன் பண்ணாங்க, தையல் பிரிச்சாங்க. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனைச்சுத்தான் அந்தப் போகி.

முடியல. உள்ள ஏதோ புடிச்சு இழுக்கும். ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே திரும்பத் திரும்பப் போனேன். போறப்பல்லாம் கையில ஒரு பை சின்ன வெங்காயம். நம்ம வயித்த அறுத்துத் தச்சவரு, வெறுங்கையோட போவ முடியுமா?

"எப்படி இருக்கீங்க?"ம்பாரு.

"உள்ள யாரோ குடி வந்துட்டாங்க சார். வாடகையும் தரல, காலியும் பண்ணல."

அவரு சிரிப்பாரு. நர்ஸும் சிரிக்கும். வலி மாத்திரை எழுதிக் குடுப்பாரு. நான் வெளிய வந்து, பைக் மேல காலத் தூக்கிப் போட முடியாம சீட்டப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்.

எனக்குப் பயம். எங்கப்பாவும் வயித்து வலின்னுதான் போனாரு. கேன்சர்னாங்க. அவரு வூடு திரும்பல. அந்த வார்த்தைய எங்கிட்டயும் சொல்லிடுவாங்களோன்னுதான், அவங்க வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி நான் ஜோக்கடிச்சு முந்திக்கிட்டேன். அப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

ஆலத்தியூர்ல ஒரு கல்யாணம். பாத்திரத்தைத் திருப்பி எண்ணி எடுக்கப் போயிருந்தேன். காலையிலேருந்தே குளிர் சொரம். கரண்டி எண்ணிக்கிட்டே அண்டா மேல சாஞ்சவன், அப்படியே கீழ விழுந்துட்டேன். பொண்ணு வூட்டுக்காரங்கதான் வண்டியில போட்டு அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. சேதி கேட்டு செல்வியும் வந்து சேந்தா.

அங்க சி.டி. ஸ்கேன் (ஒடம்பக் குறுக்கால சீவிப் பாக்குற மாதிரி எடுக்குற படம்) எடுத்தாங்க. டாக்டர் படத்தப் பாத்தாரு. என்னைப் பாக்கல. செல்விய மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டாரு.

கதவுக் கண்ணாடி வழியா ரெண்டு பேரும் நிக்கிறது தெரிஞ்சுது. அவரு ஏதோ சொன்னாரு. இவ முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. சரி, அப்பாவுக்குச் சொன்ன வார்த்தை நமக்கும் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணேன்.

டாக்டர் உள்ள வந்தாரு. "கேன்சர் எல்லாம் இல்லீங்க. பழைய ஆபரேஷன் எடத்துல காஸ் துணி (ரத்தம் ஒத்தி எடுக்குற வலைத்துணி) இருக்குற மாதிரி தெரியுது. சுத்திச் சீழ் கட்டியிருக்கு. ஒடனே எடுத்தாவணும்."

"அது எப்படி சார் உள்ள போச்சு?"

"தைக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எண்ணிப் பாக்கணும். அதுல தப்பியிருக்கும்."

ஒரு கரண்டி கொறைஞ்சாலும் மாப்பிள்ளை காரையே நிறுத்தித் தேடச் சொல்றவன் நான். அதைச் சொல்லிச் சிரிக்கலாம்னு வாயெடுத்தேன். "பொழைச்சுக்குவேனா சார்?"ங்கிறதுதான் வெளிய வந்துச்சு.

"குடல்ல ஒட்டியிருந்தா குடலையும் கொஞ்சம் வெட்ட வேண்டி வரும். தொறந்தாத்தான் தெரியும்."

தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப, பக்கத்துல வந்த எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன். "துணிய எண்ணிடுவீங்கல்ல? நல்லா எண்ணிடுவீங்கல்ல?" மயக்க மருந்து குடுக்க வந்தவர்கிட்டயும் கேட்டேன். "எண்ணிடுவோம்ங்க, கண்ண மூடுங்க"ன்னு ஒரு நர்ஸ் என் நெத்தியில கை வச்சுச்சு. அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு, வெக்கத்த வுட்டு அழுதேன்.

குடல் தப்பிச்சுது. துணி வந்துடுச்சு. சீழ் வடிய ஒரு குழாய் போட்டு, புண்ண ஆறவிட்டு அனுப்புனாங்க.

ஒடம்பு கொஞ்சம் தேறுனதும், செல்வி என்னைப் பெரம்பலூர்ல ஒரு வக்கீலம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. அவங்க வயசுல சின்னவங்க. முதக் கேள்வியே, "முதல் ஆபரேஷன் காயிதம் எங்கண்ணே?"

"போகிக்குப் போட்டுட்டேன்ங்க."

செல்வி சொவத்தப் பாத்தா. வக்கீலம்மா பேனாவ மூடி வச்சாங்க. "அந்த ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கேட்டு வாங்கலாம். மூணு வருஷம்தான் வச்சிருக்கணும்னு விதி. இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு, இன்னைக்கே கேப்போம். துணி எடுத்ததுக்கு அரியலூர்ல எழுதியிருப்பாங்க, அது போதும். பிரச்சினை வேற. நுகர்வோர் கோர்ட்டுல, தப்பு நடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், அது தாண்டிடுச்சு."

"துணி இருக்குதுன்னே இப்பத்தானேம்மா தெரியும்?"

"அதைத்தான் சொல்லப் போறோம், தெரிஞ்ச நாள்லேருந்து எண்ணுங்கன்னு. லேட்டானதுக்குக் காரணம் காட்டி தனியா ஒரு மனுவும் போடுவோம். ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க வுடுவாங்களா? வலி எப்பேருந்து இருந்துச்சு?"

"தையல் பிரிச்சதுலேருந்து."

"அப்பவே வேற டாக்டரப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நீங்களா நாளக் கடத்திட்டீங்கம்பாங்க."

"அப்ப வலிக்கலேன்னு சொல்லிடுறேன்."

"வலிக்கலேன்னா எதுக்குண்ணே நட்டஈடு?"

வக்கீலம்மா பேனாவத் திரும்பத் தொறந்தாங்க.

"வலிக்குதுன்னு நீங்க அந்த டாக்டர்கிட்ட சொன்னதுக்கு யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

"நர்ஸ் இருந்துச்சு. ஆனா அது சிரிச்சுச்சு."

கேஸ் போட்டாச்சு. பழைய காயிதத்தோட காப்பியும் கைக்கு வந்துடுச்சு. எந்த நாள்லேருந்து எண்ணுறதுங்கிறதே இன்னும் முடிவாகல. நாங்க காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இப்ப இதே நெலமையில இருக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். காயிதத்தப் பத்திரமா வைங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, வேற டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

தும்மல் வந்தா இப்பவும் கை தானா வயித்துக்குப் போவுது. ஏதாச்சும் சுருக்குன்னு குத்துனா, ஒடனே செல்விகிட்ட தேதி சொல்றேன். முன்னெல்லாம் ஒரு வருஷம்னா எத்தனை முகூர்த்தம்னு பாப்பேன். இப்ப அது, போனா திரும்பாத கெடு.

அன்னைக்கு வக்கீலம்மாவப் பாத்துட்டுத் திரும்பி வர்றப்ப, பஸ்ல செல்விகிட்ட, "ஒண்ணு பாத்தியா, என் ஜோக்குக்கு ஆஸ்பத்திரியே சிரிச்சுருக்கு"ன்னேன். அவ ஜன்னல் பக்கத்துலேருந்து திரும்பிச் சொன்னா:

"உங்க ஜோக்குக்கா சிரிச்சாங்க? வயித்தத் தொட்டுப் பாக்குற வேலை மிச்சம்னு சிரிச்சாங்க."